பீச்வொர்த் போகிறீர்களா? காலையிலேயே போய்விடுங்கள்

மெல்போர்னிலிருந்து வடகிழக்கே காரில் மூன்று மணி நேரம் போனால் பீச்வொர்த். 1852-இல் தங்கம் கிடைத்ததால் எழுந்த ஊர். தேன் நிறக் கருங்கல் கட்டடங்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன.

கார் இல்லையென்றால் மெல்போர்னின் சதர்ன் கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறி, வாங்கரட்டா ஊரில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். பஸ்கள் குறைவு. அதனால் திரும்பும் பஸ்ஸின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் டிக்கெட் எடுங்கள்.

முதலில் பழைய நீதிமன்றத்துக்குப் போங்கள். கொள்ளைக்காரன் நெட் கெல்லியை 1880 ஆகஸ்டில் முதற்கட்ட விசாரணைக்கு நிறுத்திய இடம் அது. இரண்டு வருடம் முன்னால் அவனுடைய அம்மா எல்லனுக்குத் தண்டனை கிடைத்ததும் இதே ஊரில்தான்.

பெரும்பாலானோர் அதோடு ஊரின் பிரபல பேக்கரிக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் கல்லறைத் தோட்டம் வரை போய்வாருங்கள். தங்கம் தேடி வந்து இங்கேயே இறந்த சீனர்களுக்காக, காகிதப் படையல் எரிக்கக் கட்டிய இரட்டைக் கோபுரங்கள் அங்கே உண்டு. என்னைக் கேட்டால், ஊரிலேயே மனதைத் தொடும் இடம் அதுதான்.

ஏப்ரல் கடைசியில் போனால் இலைகள் சிவந்து கிடக்கும். குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். சாயங்காலம் கடைகள் சீக்கிரமே மூடிவிடும். இருட்டுகிற நேரத்தில் கங்காருகள் சாலைக்குக் குறுக்கே பாயும் என்பதால், காரில் வந்தவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள்.