விருப்பத் திறந்த அணுக்கம்: ஏற்புக் கடிதம் வந்தபின் நேரும் தவறுகள்

சந்தா செலுத்துவோர் மட்டுமே படிக்கக்கூடிய ஆய்விதழில், ஆசிரியர் விரும்பினால் கட்டணம் செலுத்தித் தம் கட்டுரையை மட்டும் எல்லோருக்கும் திறந்துவிடலாம். இதுவே விருப்பத் திறந்த அணுக்கம். ஸ்பிரிங்கர் 2004-இல் 3,000 டாலர் கட்டணத்துடன் தொடங்கிய இந்த வழி இன்று பெரிய பதிப்பகங்கள் பலவற்றில் உண்டு. நேச்சர் இதழ் 2021-இல் இதைக் கொண்டுவந்தபோது அறிவித்த தொகை 9,500 யூரோ. இவ்வளவு பணம் சம்பந்தப்பட்ட முடிவை, கட்டுரை ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில், இணையப் படிவத்தில் ஒரு பெட்டியைச் சொடுக்கி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறோம்.

கட்டணம் கட்டினால்தான் கட்டுரை திறக்கும் என்று நம்புவதுதான் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு. மதிப்பாய்வாளர்கள் கேட்ட திருத்தங்களைச் சேர்த்து இதழ் ஏற்றுக்கொண்ட பிரதியை, பதிப்பகம் பக்கம் அமைப்பதற்கு முந்தைய வடிவில், பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் செலவின்றி வைக்கப் பெரும்பாலான இதழ்கள் இசைகின்றன. ஆறு மாதமோ ஓராண்டோ காத்திருக்கச் சொல்வதும் உண்டு. இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014-இல் வகுத்த கொள்கை கேட்பதும் இதைத்தான். ஆனால் அந்தப் பிரதியைப் பத்திரப்படுத்துவோர் குறைவு. என் பழைய கட்டுரையொன்றைக் களஞ்சியத்தில் சேர்க்க முனைந்தபோது ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் திருத்தியது’ என மூன்று கோப்புகள் கிடைத்தன. எது ஏற்கப்பட்டது என்பதை மின்னஞ்சல் தேதிகளோடு ஒப்பிட்டுத்தான் உறுதிசெய்ய முடிந்தது. பிரதி கைவசம் இல்லையென்று பதிப்பகத்தின் பிடிஎஃப் கோப்பையே ஆய்வாளர்களுக்கான சமூக வலைத்தளமான ரிசர்ச்கேட்டில் ஏற்றுவது பதிப்புரிமை மீறலாகக்கூடும்.

கட்டணம் செலுத்துவதென முடிவு செய்தவர்கள், கட்டுரையைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தில் சறுக்குகிறார்கள். தம் உழைப்பைப் பிறர் விற்றுவிடக் கூடாதென்று, வணிகப் பயன்பாட்டையும் மாற்றங்களையும் தடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த உரிமத்தின் கீழ் உங்கள் கட்டுரையை ஒருவர் தமிழில் மொழிபெயர்த்து வெளியிட வேண்டுமானால் தனி அனுமதி பெற வேண்டும். விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகம் அதிலுள்ள வரைபடத்தை ஏற்காது. அதைவிட முக்கியமாக, சில பதிப்பகங்களின் ஒப்பந்தத்தில் வணிக உரிமை பதிப்பகத்துக்கே போய்ச் சேர்கிறது. பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்னும் உரிமத்தில் இந்தத் தடைகள் இல்லை. தனிக் காரணம் எதுவும் இல்லையென்றால் அதையே எடுங்கள் என்பேன்.

பணத்தைப் பொறுத்தவரை, ஆய்வுக்கு நல்கை (நிதியுதவி) தரும் அமைப்பு இந்தக் கட்டணத்தை ஏற்குமா என்று கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஐரோப்பிய நல்கை அமைப்புகள் பலவும் இணைந்துள்ள ‘பிளான் எஸ்’ என்னும் திறந்த அணுக்கத் திட்டம், சந்தா இதழ்களில் செலுத்தும் இக்கட்டணத்தைப் பொதுவாக ஆதரிப்பதில்லை. வளரும் நாடுகளுக்கான கட்டண விலக்கும் பெரும்பாலும் முழுத் திறந்த இதழ்களுக்கே உரியது. உங்கள் நிறுவனத்துக்கும் பதிப்பகத்துக்கும் இக்கட்டணம் குறித்து ஒப்பந்தம் இருந்தால், இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கும் தொடர்பு ஆசிரியர் யார், அவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதை வைத்தே சலுகை முடிவாகும். ஆகவே, அனுப்பும்போது சொந்த மின்னஞ்சலைத் தந்துவிட்டு, ஏற்புக்குப் பின் நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் சிக்கல்தான். அறிவித்த தொகைக்கு மேல் வரி தனியாக வரலாம்.

கட்டுரை வெளியான அன்று, வளாக வைஃபையை அணைத்துவிட்டுக் கைப்பேசி இணைப்பில் அதைத் திறந்து பாருங்கள்; வளாகத்தில் நிறுவனத்தின் சந்தாவாலேயே அது திறந்துவிடக்கூடும். பணம் செலுத்திய பிறகும் பூட்டுக் குறியோ தவறான உரிம வரியோ தென்பட்டால், ரசீதை இணைத்து அன்றைக்கே பதிப்பகத்துக்கு எழுதிவிடுங்கள்.