மாப் குச்சி நிமிர்த்திய முதுகு

தரையில் கிடக்கும் எடைக்கம்பியைக் குனிந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் பயிற்சியை வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டவன் நான். ஆறே மாதத்தில் 80 கிலோ. ஆனால் வீட்டில் கேஸ் சிலிண்டரைத் தூக்கக் குனிந்த அன்று இடுப்பு பிடித்துக்கொண்டது. உள்ளே 14.2 கிலோ கேஸ், இரும்போடு சேர்த்தால் 30 கிலோவுக்குப் பக்கம். அவ்வளவுதான் கனம்.

வலி அடங்கியதும் ஒரு ஜிம் மாஸ்டரிடம் போனேன். என்னைவிடச் சின்னவர். எடையைத் தொடவே விடவில்லை. மாப் குச்சியைக் கொடுத்து முதுகோடு நெட்டுக்குத்தாகப் பிடிக்கச் சொன்னார். பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடு, வால் எலும்பு: மூன்று இடத்திலும் ஒட்டியே இருக்க வேண்டும். குனிந்தேன், வால் எலும்பை விட்டுக் குச்சி விலகியது.

“அண்ணே, முதுக வளைக்கிறீங்க. கையில சாமான் இருக்கும்போது பின்பக்கத்தால கார் கதவ சாத்துவோம்ல, அப்படித் தள்ளுங்க. முட்டி லேசா மடங்கினா போதும்.”

கதவு என்றதும் பிடிபட்டது.

மூன்று வாரம் குச்சி மட்டும்தான். பக்கத்தில் காலேஜ் பையன் 100 கிலோ தூக்க, எனக்கு மானம் போனது. பிறகு 12 கிலோ கெட்டில்பெல், கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. தினமும் பல் தேய்த்த கையோடு குச்சி வைத்துப் பத்து முறை. அதற்கு ஜிம்முக்குப் போகும் மனசு வேண்டியதில்லை.

போன வாரம் சிலிண்டர் வந்தது. உடம்போடு அணைத்துத் தூக்கினேன், வலி இல்லை. செருப்பு தேடும்போது மட்டும் இன்னும் பழைய குனிதல்தான் என்கிறாள் மனைவி.