ப்ரூட்டன் நோயுள்ள பிள்ளையை வளர்க்க: என் நீலக் கொப்பியிலிருந்து

என் மகனுக்கு இப்போது 19 வயது. மூன்று வயதுக்குள் இரண்டு முறை நிமோனியா. காதில் சீழ் வடிந்ததற்குக் கணக்கே இல்லை. தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர்தான் "இவனுக்கு டான்சில் எங்கே?" என்று கேட்டார். அப்புறம் இரவு ரயிலேறிக் கொழும்புக்குப் போய் எடுத்த இரத்தச் சோதனையில் பெயர் தெரிந்தது.

1952இல் ஆக்டன் ப்ரூட்டன் என்ற அமெரிக்க மருத்துவர் முதலில் எழுதிவைத்த நோய் இது. பிடிகே என்ற மரபணுவில்தான் பழுது என்பது 1993இல் தெரியவந்தது. பி அணுக்கள் என்ற வெள்ளை இரத்த அணுக்கள் வளராததால், கிருமியை எதிர்க்கும் பிறபொருளெதிரியை உடம்பு செய்வதில்லை. தாயிடமிருந்து வந்தது சில மாதங்களில் தீர்ந்துபோகும். பிறகு ஊராரின் இரத்தத்திலிருந்து எடுத்த பிறபொருளெதிரியை, அதாவது இம்யூனோகுளோபுலினை, சேலைன் போல ஏற்ற வேண்டும், ஆயுள் முழுக்க.

ஏற்றியதில் பாதி மூன்று வாரத்தில் கரைந்துவிடும். அதனால்தான் மூன்று, நான்கு வாரத்துக்கொரு தடவை. வழக்கமான அளவு, ஒரு கிலோ எடைக்கு 400 முதல் 600 மில்லிகிராம். இங்கேதான் நான் பிழை விட்டேன். பன்னிரண்டு வயதில் பிள்ளை நன்றாக இருந்தான், காய்ச்சலே இல்லை. நான்கு வாரத்தை ஆறாக்கினேன். அந்த வருடம் அவன் 30 கிலோவிலிருந்து 41 கிலோவானான்; மருந்தோ பழைய எடைக்கே போனது. ஒரு கிலோவுக்கு 500 மில்லிகிராம் என்று பார்த்தால், 15 கிராமாக இருந்தது 20 கிராமுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். காலையில் மட்டும் லேசான இருமல். சீ.டி. எடுத்தபோது வலப்பக்க நுரையீரலின் அடியில் மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தேங்கியிருந்தது. விரிந்தது பழையபடி சுருங்காது.

ஆகவே ஒவ்வொரு முறையும் எடையைப் பார்த்துச் சொல்லுங்கள். அடுத்த குப்பி ஏற்றுவதற்குச் சற்று முன் எடுக்கும் ஐ.ஜி.ஜி. அளவை, அதாவது இரத்தத்தில் மிஞ்சியிருக்கும் பிறபொருளெதிரியின் அளவை, கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். குப்பியின் தொகுதி எண்ணையும் எழுதுங்கள்; 2023இல் நாட்டில் தரமற்ற இம்யூனோகுளோபுலின் பற்றிய விவகாரம் வெடித்தபோது எத்தனை தாய்மார் தூங்கவில்லையோ. ஏற்றுவதற்கு முந்தின நாளே நிறையத் தண்ணீர் கொடுத்தால் தலையிடி குறைகிறது. காய்ச்சலோடு போனால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

நுரையீரலுக்குத் தனியாக மெனக்கெட வேண்டும். தினமும் காலையில் உப்புநீர் ஆவி, பிறகு பிசியோதெரபி மிஸ் பழக்கிய மூச்சுப் பயிற்சி, இருபது நிமிடம். பள்ளிக்கூட பஸ் போய்விடும் என்று அழுவான், போனால் போகட்டும். வருடம் ஒருமுறை ஊதும் சோதனை. சளி மஞ்சளானால் காத்திராமல், மருந்து தொடங்கும் முன்பே சளியைச் சோதனைக்குக் கொடுங்கள்.

இங்கே டெங்கு வராத வருடம் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்குப் பிறபொருளெதிரி பார்க்கும் சோதனை ஏமாற்றும்: சொந்தமாய் எதுவும் உருவாகாது, தெரிவதோ கடன் வாங்கியது. டெங்கு வைரசின் புரதத்தையே தேடும் என்.எஸ்.1 சோதனையும் முழு இரத்த எண்ணிக்கையும் கேளுங்கள். வாய்வழிப் போலியோ சொட்டு இவனுக்கும் வேண்டாம், வீட்டிலுள்ள சின்னதுகளுக்கும் வேண்டாம். மிட்வைஃபிடம் முன்கூட்டியே சொல்லி ஊசியாகக் கேளுங்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்கக் கொடுங்கள். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி வயிற்றில் புகுந்தால் லேசில் போகாது. ஆனால் கடலுக்குப் போகாதே, விளையாடாதே என்று நான் தடுத்ததில்லை. உப்புவெளிக் கரையில் பந்தடித்து வளர்ந்தவன் அவன்.

ஒன்றை மாமியார் வாயால் பல வருடம் கேட்டேன்: "உன் பக்கத்து வருத்தம்". மரபணு என் பக்கம்தான், சரி. என் தம்பி ஒருவனும் குழந்தையிலேயே நெஞ்சுச் சளியில் போனான். ஆனால் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாய் வரும் பிள்ளைகளும் நிறைய. பழுதான மரபணுவைச் சுமந்தும் நோயில்லாத தாயைக் காவி என்பார்கள். அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரப் பாதி வாய்ப்பு. மகளுக்குக் காவியாகப் பாதி வாய்ப்பு. என் மகளுக்கு இப்போது 23. அவளுடைய சோதனையைக் கல்யாணப் பேச்சு வருமுன் செய்யலாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள், அடுத்த மாதம் கொழும்புக்குப் போகிறோம்.