முனிசிபல் ஓட்டுப் போடப் போகும் பேத்திக்கு

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஆயா எழுதுகிறேன், கண்ணு. நம் தென்னாப்பிரிக்காவில் நாடாளுமன்றத் தேர்தல் இல்லாத வருஷத்தில்தான் முனிசிபல் தேர்தல் வரும். 2021 நவம்பர் 1 அன்று, பதிந்தவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. குழாய்த் தண்ணீரும் குப்பை வண்டியும் இந்த ஓட்டில்தான் இருக்கிறது, அதனால்தான் எனக்கு இவ்வளவு கவலை.

முதலில் உன் அடையாள எண்ணை 32810-க்கு எஸ்எம்எஸ் அனுப்பு. எந்தச் சாவடி என்று பதில் வரும். வீடு மாறியிருந்தால் உடனே புதிதாகப் பதிந்துவிடு. தேர்தல் தேதியை அரசிதழில் வெளியிட்டதும் பட்டியலை மூடிவிடுவார்கள். என் தங்கை அப்படித்தான் வாசல்வரை போய் அழுதுகொண்டே திரும்பினாள்.

பச்சை அடையாளப் புத்தகமோ ஸ்மார்ட் கார்டோ கையில் இருக்கட்டும். டிரைவிங் லைசென்ஸ் செல்லாது. டர்பனில் இரண்டு வாக்குச் சீட்டு: ஒன்று வார்டு கவுன்சிலருக்கு, மற்றது கட்சிக்கு. இரண்டையும் ஒரே பக்கம் போட வேண்டியதில்லை. வார்டுச் சீட்டில் நான் ஆளைத்தான் பார்ப்பேன்: 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் தெருவுக்கு யார் வந்தார்? மேயரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

எனக்குக் கால் முடியவில்லை. வீட்டுக்கே வந்து வாங்கும் சிறப்பு ஓட்டுக்கு நீதான் மனுப் போட்டுத் தர வேண்டும்.