சிரிப்பும் துப்பும்: மாணவர்களைக் கொண்டு நகைச்சுவை மர்ம நாடகம் மேடையேற்றும் முறை

நகைச்சுவை மர்ம நாடகத்தில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. பார்வையாளர்கள் சிரிக்கும்போது வசனம் காதில் விழாது. மர்மக் கதையிலோ ஒரே ஒரு வசனம் காதில் விழாவிட்டாலும் முடிச்சு அவிழும் இடம் விளங்காது. முதன்முறையாக உயர்நிலைப் பள்ளி மாணவர்களை இயக்க முன்வருபவர் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை இந்தச் சிக்கலைச் சுற்றியே அமையும்.

படி 1: பிரதி

40 நிமிடங்களில் முடியும், பத்துப் பேர் வரை நடிக்கக்கூடிய பிரதி தொடக்கத்துக்குப் போதுமானது. குற்றம் கொலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பொற்கடிகாரம் காணாமல் போனாலும் ஆர்வம் குறைவதில்லை, சிரிக்கவும் தயக்கம் இராது. பிரதியை விலை கொடுத்து வாங்கியதாலேயே அதை மேடையேற்றும் உரிமை கிடைத்துவிடுவதில்லை என்பதால், அனுமதி தேவையா என்பதை ஒத்திகைக்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு பிரதியை எடுத்து, துப்பு வரும் வசனங்களை ஒரு நிறத்திலும் சிரிப்பு எழக்கூடிய இடங்களை வேறொரு நிறத்திலும் கோடிடுங்கள். இரு நிறங்களும் அடுத்தடுத்து வரும் இடங்களை வட்டமிட்டு வையுங்கள். ஒத்திகையில் அதிக நேரத்தை எடுத்துக்கொள்ளப்போகும் இடங்கள் அவைதாம்.

படி 2: நடிகர் தேர்வு

மாணவர்களைத் தனித்தனியாக அழைத்து வசனம் பேசச் சொல்வதைவிட, இருவர் இருவராக நிறுத்தி, அவர்கள் முன்பின் பார்த்திராத ஒரு காட்சியைப் படிக்கச் செய்வது நல்லது. அப்போது பேசுபவரை மட்டும் பார்க்காமல், பேசாமல் நிற்பவரையும் கவனியுங்கள். எதிரே இருப்பவர் சொல்வதை உண்மையாகவே கேட்டு முகம் மாறும் மாணவர்தான் நகைச்சுவைக்கும் மர்மத்துக்கும் ஒருசேரப் பயன்படுவார். தன் முறை எப்போது வரும் என்று தாளையே பார்த்துக்கொண்டிருப்பவர், குரல் எவ்வளவு கணீரென்று இருந்தாலும், காட்சியைத் தாங்க மாட்டார்.

ஒருமுறை படித்து முடித்தவுடன், அதே பகுதியை வேறு விதமாகப் படிக்கச் சொல்லுங்கள். "உடனே கழிப்பறைக்கு ஓட வேண்டும், ஆனால் அதை எதிரே இருப்பவரிடம் காட்டிக்கொள்ளக் கூடாது, அந்த நிலையில் இதையே பேசு" என்று சொன்னால் போதும். இரண்டாம் முறை உண்மையிலேயே மாறியதா என்பதுதான் இங்கு முக்கியம், ஏனெனில் சொன்னதை உள்வாங்கி மாற்றிக்கொள்ளக்கூடிய மாணவரைச் சில வாரங்களில் வெகுதூரம் கொண்டுசெல்லலாம்.

துப்பறிவாளர் வேடத்துக்கு நினைவாற்றலும் ஒத்திகைக்குத் தவறாமல் வரும் ஒழுங்கும் தேவை. அவர் சிரிக்க வைக்காவிட்டாலும் பரவாயில்லை. குற்றவாளி வேடத்தை எல்லோருக்கும் பிடித்தமான, சாதுவான மாணவருக்குக் கொடுங்கள்; முரட்டுத் தோற்றம் உடையவரை அதில் போட்டால் திரை விலகியதுமே பார்வையாளர்கள் விடையைச் சொல்லிவிடுவார்கள். வகுப்பிலேயே பெரிய கோமாளி என்று பெயர் எடுத்தவருக்கு வசனம் குறைவாகவும் உடலசைவு அதிகமாகவும் உள்ள வேடம் பொருந்தும். அவரிடம் முக்கியத் துப்பை ஒப்படைப்பது ஆபத்து என்பது என் கருத்து. கைத்தட்டல் கிடைத்துவிட்டால், பிரதியில் இல்லாததையெல்லாம் அவர் பேசத் தொடங்கிவிடுவார். பெரிய வேடங்களுக்கு மாற்று நடிகர்களையும் அன்றே முடிவு செய்யுங்கள்.

படி 3: கடைசிப் பக்கங்கள் இல்லாத முதல் வாசிப்பு

முதல் நாள் அனைவரும் வட்டமாக அமர்ந்து பிரதியை வாசிக்கும்போது, முடிவு இருக்கும் பக்கங்களை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள். வாசித்து முடித்ததும் ஒவ்வொருவரும் குற்றவாளி யார், எதனால் அப்படி நினைக்கிறார் என்று ஒரு தாளில் எழுதித் தரட்டும். எந்தத் துப்பு பளிச்சென்று தெரிகிறது, எது யார் கண்ணிலும் படவில்லை என்பதை அந்தத் தாள்களே காட்டிவிடும். இந்தப் பயிற்சியை ஒரே ஒருமுறைதான் செய்ய முடியும் என்பதால் அவசரப்பட்டுக் கதையைச் சொல்லிவிடாதீர்கள்.

படி 4: ஒத்திகை

ஒரு நிமிட நாடகத்துக்கு ஒரு மணி நேர ஒத்திகை என்பது நாடகக்காரர்களிடையே வழங்கும் ஒரு தோராயக் கணக்கு. வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் என்றால், 40 நிமிட நாடகத்துக்கு ஏறத்தாழ ஏழு வாரங்கள் ஆகும். முதல் இரண்டு வாரங்களில் யார் எந்த வழியாக வந்து எங்கே நிற்பார் என்பதை முடிவு செய்து, பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பேனாவால் எழுதினால் மூன்றாம் நாளே வருந்துவீர்கள்.

வட்டமிட்ட இடங்களை எப்படிக் கையாள்வது என்பதை நான் ஒரு தோல்வியின் மூலமே கற்றுக்கொண்டேன். எங்கள் நாடகத்தில் காவலர் மழையில் நனைந்தபடி உள்ளே வந்து வழுக்கி விழுவார். அடுத்த வசனத்தில் சமையல்காரர், "காலையிலிருந்து தோட்டத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், ஐயா" என்பார். கொட்டும் மழையில் யார் துணி உலர்த்துவார்? கதையின் மொத்த விடையும் அதில்தான் இருந்தது. ஆனால் காவலர் விழுந்ததற்கு எழுந்த சிரிப்பில் அந்த வசனம் அப்படியே மூழ்கிப்போனது. முடிவில் துப்பறிவாளர் துணியைப் பற்றிப் பேசியபோது அரங்கம் ஒன்றும் புரியாமல் விழித்தது.

மறுநாள் காட்சியில் ஒரே ஒரு மாற்றம் செய்தோம். சமையல்காரர் பேசியதும் துப்பறிவாளர் காதருகே கையை வைத்து, "எங்கே?" என்று கேட்டார். சமையல்காரர் எரிச்சலோடு, "தோட்டத்தில், ஐயா! துணி!" என்றார். அதற்கும் சிரித்தார்கள், ஆனால் இம்முறை துணி அவர்கள் நினைவில் தங்கியது. ஈரக் காவலர் கண்ணெதிரே நின்றும், அவர் விழுந்த வேடிக்கையில் மழையை எல்லோரும் மறந்திருந்தார்கள். துப்பின் ஒரு பாதி சிரிப்புக்குள் மறைந்திருக்கலாம், மறுபாதியைச் சிரிப்பு அடங்கிய பின்னரே பேச வேண்டும்.

சிரிப்பு உச்சத்துக்குப் போய்ப் பாதியளவு இறங்கும்போது அடுத்த வசனத்தைத் தொடங்க வேண்டும். முற்றிலும் அடங்கும்வரை காத்திருந்தால் காட்சி தொய்ந்துவிடும். ஒத்திகையில் சிரிக்க ஆளிருக்காது. எனவே, மேடையில் இல்லாத மாணவர்களை எதிர்பாராத இடங்களில் உரக்கச் சிரிக்கச் சொல்லிப் பழக்குங்கள். நடிப்பவர் சிரித்துவிடும் பழக்கம் இருந்தால், எதிரே இருப்பவரின் கண்களைப் பார்க்காமல் நெற்றியைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். பாத்திரங்களில் ஒருவருக்கும் தாம் வேடிக்கையானவர் என்று தெரியாது; காணாமல் போன கடிகாரத்துக்காக அவர்கள் உண்மையாகவே பதறினால்தான் நமக்குச் சிரிப்பு வரும்.

படி 5: மேடையும் பொருள்களும்

இவ்வகை நாடகத்துக்கு முதன்மையான அலங்காரம் ஆடாமல் அசையாமல் நிற்கும் ஒரு கதவுதான். கதவு மேடைக்குள் திறக்காமல் வெளிப்புறமாகத் திறக்கட்டும்; அப்போது உள்ளே வருபவரைக் கதவு மறைக்காது. பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, ஒவ்வொரு பொருளின் உருவத்தையும் வரைந்து பெயர் எழுதி வைத்தால், எந்தப் பொருள் எடுத்த இடத்துக்குத் திரும்பவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். துப்பாக உள்ள பொருள், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும் அளவில் இருக்க வேண்டும். கத்தி போன்றவை கூர்மையற்ற போலிகளாகவே இருக்கட்டும். விளக்குகளை அணைத்து மாணவர்கள் நடமாட வேண்டிய காட்சி இருந்தால், படிகளிலும் மேடை விளிம்பிலும் இருட்டில் ஒளிரும் ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள்.

படி 6: கதை தெரியாத பத்துப் பேர்

அரங்கேற்றத்துக்கு நான்கைந்து நாள்களுக்கு முன், கதையை அறியாத பத்து மாணவர்களை அழைத்து முழு நாடகத்தையும் நடத்திக் காட்டுங்கள். விடை வெளிப்படும் காட்சிக்கு முன் நிறுத்தி, குற்றவாளியின் பெயரை எழுதச் சொல்லுங்கள். பத்துப் பேரும் சரியாக எழுதியிருந்தால் ஏதோ ஒரு துப்பு மிகையாக அழுத்தப்படுகிறது. ஒருவர்கூட எழுதாததோடு, விடையைக் கேட்ட பிறகும் "அடடா!" என்ற முகக்குறி எவரிடமும் தோன்றாவிட்டால், பிரதியில் வட்டமிட்ட இடங்களுக்குத் திரும்பிச் சென்று, எந்த வசனம் சிரிப்பில் மூழ்கியது என்று தேடுங்கள். திருத்துவதற்கு அந்த நான்கைந்து நாள்கள் போதும்.