பழைய ஜிசிசி-யில்தான் ஓடுவேன் என்று அடம்பிடிக்கும் பில்ட் ஸ்கிரிப்டை வழிக்குக் கொண்டுவருவது எப்படி?

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் நண்பர் ஒருவர் சி-யில் எழுதிக் கொடுத்த சின்ன புரோகிராம் ஒன்று என்னிடம் இருக்கிறது. டெபியன் 12 என்ற லினக்ஸில் சமர்த்தாக பில்ட் ஆனது. டெபியன் 13-க்கு மாறினேன். திரை முழுக்க எரர்.

காரணம் எளிது. சி கோடை ஓடும் புரோகிராமாக மாற்றும் கம்பைலர்தான் ஜிசிசி. டெபியன் 12-ல் இருந்தது ஜிசிசி 12. டெபியன் 13-ல் வருவது ஜிசிசி 14. ஹெடர் ஃபைலை (ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஃபைல்) சேர்க்காமல் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால் பழைய ஜிசிசி வார்னிங் மட்டும் கொடுத்துவிட்டு வேலையை முடித்துவிடும். 2024 மே மாதம் வந்த 14 முதல் அது எரர். 1999 சி ஸ்டாண்டர்டிலேயே தூக்கிவிட்ட வழக்கம் இது. 25 வருடம் பொறுத்துப் போயிருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. கோடைத் திருத்துவதுதான் முறை. ஆனால் இன்று ராத்திரிக்குள் புரோகிராம் ஓட வேண்டுமென்றால் கீழே உள்ளதைச் செய்யுங்கள்.

(கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

1. பழைய கம்பைலரைப் போடுங்கள்.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜிசிசி-12 ஜி++-12

புதியதை நீக்க வேண்டாம். இரண்டும் சண்டையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

2. முதலில் சுலபமான வழி. வெறும் மேக்ஃபைல் (எதை எப்படி பில்ட் செய்வது என்று 'மேக்' கருவிக்குச் சொல்லும் ஃபைல்) என்றால் இது போதும்:

மேக் சிசி=ஜிசிசி-12

இங்கே சிசி பெரிய எழுத்தில்; எந்தக் கம்பைலர் என்று மேக்குக்குச் சொல்லும் வேரியபிள் அது. மேக் என்ற சொல்லுக்குப் பின்னால் கொடுப்பது முக்கியம். முன்னால் கொடுத்தால் அது என்விரான்மென்ட் வேரியபிள். மேக்ஃபைலுக்குள் சிசி-க்கு வேறு மதிப்பு எழுதியிருந்தால் அதுதான் ஜெயிக்கும். சிமேக் (மேக்ஃபைலை உருவாக்கித் தரும் கருவி) ஆசாமிகள் பில்ட் ஃபோல்டரையே அழித்துவிட்டு ஆரம்பியுங்கள். முதல் முறை பார்த்த கம்பைலரை அது கேஷில் எழுதி வைத்துக்கொள்ளும், பிறகு நீங்கள் என்ன கத்தினாலும் காதில் விழாது.

3. என் ஸ்கிரிப்டில் சிசி எல்லாம் கிடையாது. நண்பர் 'ஜிசிசி' என்று நேராகவே எழுதி வைத்திருந்தார். அப்படியானால் அந்தப் பெயரையே ஏமாற்ற வேண்டும். ஹோமில் 'பழசு' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் சிம்லிங்க் (வேறொரு ஃபைலைக் காட்டும் குறுக்குவழி):

எல்என் -எஸ் /யுஎஸ்ஆர்/பின்/ஜிசிசி-12 ~/பழசு/ஜிசிசி

பிறகு பாத் வேரியபிளின் (கட்டளைகளை எந்த ஃபோல்டர்களில் தேடுவது என்ற பட்டியல்; பெரிய எழுத்தில் அடியுங்கள்) ஆரம்பத்தில் இந்த ஃபோல்டரைச் சேருங்கள்:

எக்ஸ்போர்ட் பாத்=~/பழசு:$பாத்

ஜிசிசி --வெர்ஷன் அடித்தால் 12 வர வேண்டும். இன்னும் 14 என்றே வந்தால், பாத்தை மாற்றிய பிறகு லிங்க் போட்டிருந்தால், பாஷ் (டெர்மினலில் கட்டளைகளை ஓட்டும் ஷெல்) பழைய இடத்தை ஞாபகம் வைத்திருக்கலாம். ஹாஷ் -ஆர் அடியுங்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு மணி நேரம் போனது. வெர்ஷன் 12 என்று காட்டுகிறது, ஸ்கிரிப்ட் பாதி ஓடுகிறது, பிறகு அதே எரர். கடைசியில் பார்த்தால் ஸ்கிரிப்ட் நடுவில் ஒரு சப்ஃபோல்டருக்குப் போய் மேக்கைக் கூப்பிடுகிறது. அந்த மேக்ஃபைலில் கம்பைலர் பெயரே இல்லை. பெயர் சொல்லாவிட்டால் மேக் தேடுவது ஜிசிசி-யை அல்ல, சின்ன எழுத்து 'சிசி'-யை. அது சிஸ்டத்தின் 14-க்குப் போய்விட்டது! ஆகவே ஜிசிசி, சிசி, ஜி++, சி++ நான்குக்கும் லிங்க் போடுங்கள். பின்னிரண்டும் ஜி++-12-ஐக் காட்ட வேண்டும்.

இன்னொன்று: கம்பைலர் மாறியது மேக்குக்குத் தெரியாது. முன்பு உருவான .ஓ ஃபைல்கள் (ஒவ்வொரு சோர்ஸ் ஃபைலும் கம்பைல் ஆனதும் வருபவை) கிடந்தால் அவற்றையே எடுத்துக்கொள்ளும். மேக் கிளீன் கட்டாயம்.

4. சரிபாருங்கள்.

ரீட்எல்ஃப் -பி .காமென்ட் மெயின்.ஓ

எந்த ஜிசிசி என்று வரும். முழு புரோகிராமில் ஓட்டினால் 12, 14 இரண்டும் வரலாம், பதற வேண்டாம். ஆரம்பத்தில் சேர்க்கப்படும் சிஸ்டம் ஃபைல்கள் 14-ல் உருவானவை. அதனால்தான் .ஓ ஃபைலைப் பார்க்கச் சொல்கிறேன்.

பல இடங்களில் அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் போட்டு சிஸ்டம் முழுக்க மாற்றச் சொல்வார்கள். எனக்குப் பிடிக்காது. ஒரு புரோகிராமுக்காக மொத்த மெஷினையும் 12-க்கு இறக்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து வேறு ஏதோ பில்ட் ஆகாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். என் வழியில் டெர்மினலை மூடினால் எல்லாம் பழையபடி.

பின்சேர்க்கை: அப்படியே செய்தும் 14-தான் வருகிறது என்று ஒருவர் எழுதினார். ஸ்கிரிப்டை சூடோ போட்டு ஓட்டியிருக்கிறார். டெபியனில் சூடோ உங்கள் பாத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தன்னுடையதை வைத்துக்கொள்ளும்; பெரிய எழுத்து -ஈ கொடுத்தாலும் அப்படித்தான். பில்டை சாதாரண யூசராகவே செய்யுங்கள், இன்ஸ்டாலுக்கு மட்டும் சூடோ.

இன்னொருவர் ஸ்கிரிப்டில் /யுஎஸ்ஆர்/பின்/ஜிசிசி என்று முழுப் பாதையே இருந்தது. அதற்கு இந்த வித்தை பலிக்காது. எடிட்டரைத் திறந்து அந்த வரியை மாற்றிவிடுங்கள்.