இன்ஜினியரிங் முடிச்சிட்டு நியூரோசயின்ஸ் லேபுக்கு புதுசா வந்திருக்கீங்களா?

இசிஇ, இஇஇ, மெக்கானிக்கல்னு படிச்சிட்டு மூளை ஆராய்ச்சிக்கு வெளிநாடு வந்து இறங்கியிருக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு. வீடு, சிம் கார்டு, பேங்க் அக்கவுன்ட் எல்லாம் மத்தவங்க சொல்லிடுவாங்க, நான் லேபுக்குள்ள நடக்கிறத மட்டும் சொல்றேன்.

முதல் ஆறு மாசம் பாதிக்கு மேல புரியாது. லேப் மீட்டிங்ல ஹிப்போகாம்பஸ், இன்டர்நியூரான்னு பேசிக்கிட்டே போவாங்க, நாம தலையாட்டிட்டு உக்காந்திருப்போம், பேசாம ஐடி வேலைக்கே போயிருக்கலாமோன்னு கூட தோணும் (எனக்கு தோணுச்சு). ஆனா நீங்க படிச்சது தான் இங்க வேற பேர்ல இருக்கு. நியூரானோட மெம்ப்ரேன் (செல்லைச் சுத்தி இருக்கிற மெல்லிய சவ்வு) ஒரு கெப்பாசிட்டர், அதுல அயான் போய் வர்ற வாசலான அயான் சேனல் மதிப்பு மாறிக்கிட்டே இருக்கிற ஒரு ரெசிஸ்டர், செல்லுக்கு உள்ளயும் வெளியவும் அயான் அளவு வேற வேறயா இருக்கிறதால வர்ற வோல்டேஜ் தான் பேட்டரி. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் ஊசிக்கணவாயோட பெரிய ஆக்ஸானை (சிக்னலை கடத்துற நரம்பிழை) அளந்து 1952ல எழுதினது இந்த சர்க்யூட்டைத் தான், 1963ல நோபலும் வாங்கினாங்க. மொத்தம் நாலு டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன், முதல் வாரமே பைதான்ல எழுதி ஓட்டிப் பாருங்க, பாதி பயம் போயிடும்.

என் கூத்து ஒண்ணு. பழைய இஇஜி (தலை மேல எலக்ட்ரோடு வச்சு மூளை சிக்னல் எடுக்கிறது) கோடை அப்படியே தூக்கிட்டு வந்தேன், அதுல கரன்ட் லைன் நாய்ஸை வெட்டுற நாட்ச் ஃபில்டர் 50 ஹெர்ட்ஸ்ல இருந்துச்சு, நான் வந்து சேர்ந்த நாட்டுல கரன்ட் 60 ஹெர்ட்ஸ். தலை மேல கிடைக்கிற சிக்னலே சில பத்து மைக்ரோவோல்ட் தான், அதுல இந்த லைன் நாய்ஸ் அழகா நிக்குது, நான் ரெண்டு நாள் அதை மூளையோட வேகமான அலையான காமா ஆஸிலேஷன்னு நெனச்சு சந்தோஷப்பட்டேன். அமெரிக்கா, கனடா பக்கம் போறவங்க முதல்ல அந்த ஒரு வரிய மாத்துங்க. அப்புறம், கிரவுண்ட் லூப்பை (எர்த் வயரிங்ல சுத்தி நாய்ஸ் கொண்டு வர்ற கோளாறு) தேடிப் பிடிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு லேப்ல தனி மரியாதை, அதை வச்சே எலக்ட்ரோடு போடுறவங்க பக்கத்துல உக்காந்து பயாலஜி கத்துக்கலாம், புத்தகத்த விட வேகமா ஏறும்.

நம்ம ஆளுங்க பண்ற பெரிய தப்பு, டேட்டா எதை அளக்குதுன்னு தெரிஞ்சுக்காம வந்த ஒடனே டீப் லேர்னிங் மாடலை எடுத்து நீட்டுறது. உதாரணத்துக்கு, மூளையை ஸ்கேன் பண்ற எஃப்எம்ஆர்ஐல பாக்கிறது நியூரானோட சிக்னலே இல்ல, ரத்தத்துல ஆக்சிஜன் மாறுறது, அது உச்சத்துக்கு வரவே ஒரு 5 செகண்ட் ஆகும். அது தெரியாம டைமிங் பத்தி பெருசா பேசினா முதல் கேள்வியிலயே மாட்டுவீங்க.

அமெரிக்கால நிறைய பிஎச்டி ப்ரோக்ராம்ல முதல் வருஷம் ரெண்டு மூணு லேப்ல ரொட்டேஷன் (ஒவ்வொண்ணுலயும் கொஞ்ச நாள் வேலை பாத்துப் பாக்கிறது) உண்டு, ஐரோப்பால பல இடத்துல நேரா ஒரே லேப்ல தான் சேருவீங்க. ரொட்டேஷன் இருந்தா ஒண்ணாவது கையால எக்ஸ்பெரிமென்ட் பண்ற லேபா எடுங்க. எலி இருக்கிற லேப்னா ட்ரெய்னிங், அனுமதி எல்லாம் முடியாம தொடவே விடமாட்டாங்க, அதுக்கு நாளாகும், வந்த வாரமே பேர் குடுத்துடுங்க.